‘ஓகே’ பொத்தானை அழுத்துமுன்...

சொந்த ஊரை விட்டுப் புனே பட்டணத்தில் வந்து குடியேறிய நம் குடும்பங்களில், தொலைக்காட்சிக்கு அருகே இரண்டு சிறிய பெட்டிகளை அநேகர் வைத்திருக்கிறார்கள். ஒன்று செட்-டாப் பாக்ஸ். மற்றொன்று சட்டைப் பையில் அடங்கக்கூடிய ஹார்டு டிஸ்க். இவ்விரண்டையும் ஒரு யு.எஸ்.பி. கேபிளால் இணைத்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியைப் பதிவு செய்து பிறகு பார்க்கலாம். சிறு பிள்ளைகளும் செய்யத்தக்க எளிய காரியமே. ஆயினும் அந்த எளிய காரியத்தின் நடுவே திரையில் ஒரு கேள்வி வருகிறது. அந்தக் கேள்வியைக் குறித்தே இம்மாதம் எழுத விரும்புகிறேன்.

2014-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில், தேஹு ரோட்டில் வசிக்கும் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். குடும்பத் தலைவர் திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்தவர். சிஞ்ச்வட் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு முறையில் வேலை செய்து வந்தார். வழக்கமாக நான் வாசலில் கால் வைத்தவுடனே, “வாங்க பாஸ்டர் ஐயா” என்று மலர்ந்த முகத்தோடு வரவேற்கும் சகோதரி, அன்று பேசாமல் நாற்காலியை எடுத்துப் போட்டார். பதினான்கு வயது மூத்த மகன் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை.

நடந்தது இதுதான். கிறிஸ்துமஸ் நாளன்று தகப்பனாருக்கு இரவு ஷிப்டு. அன்று இரவு ஒளிபரப்பாகும் தமிழ் நிகழ்ச்சிகளை அப்பா பார்க்க முடியாதே என்று மகன் வருந்தியிருக்கிறான். அவர்கள் வீட்டு செட்-டாப் பாக்ஸில் பதிவு வசதி இருந்தது. அலமாரியில் இருந்த 1 டெராபைட் ஹார்டு டிஸ்கை எடுத்து அதில் செருகினான். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு கேள்வி வந்தது. ரிமோட்டில் ‘ஓகே’ பொத்தானை அழுத்தினான். சிறிது நேரத்தில் டிஸ்க் தயார் என்று செய்தி வந்தது. மூன்று மணி நேர நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, “அப்பா, உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்” என்று மறுநாள் சந்தோஷத்தோடு சொல்லியிருக்கிறான்.

அந்த டிஸ்கில்தான் அவர்களுடைய திருமண வீடியோ, இரண்டு பிள்ளைகளின் குழந்தைப் பருவப் புகைப்படங்கள், அந்த ஆண்டு ஆகஸ்டில் ஊரில் இறந்துபோன பாட்டியம்மாள் கடைசி கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பாடிய வீடியோ, எல்லாமே இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. கேள்விக்கு மகன் கொடுத்த பதிலில் அவை யாவும் மறைந்துவிட்டன.

“ஐயா, பையன்மேல் கோபமில்லை. எனக்காகத்தான் செய்தான். அந்தப் பெட்டி என்ன கேட்டது என்று அவனுக்கும் தெரியவில்லை, இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது” என்றார் அந்தச் சகோதரர். கடைசியாக அவர் சொன்ன வார்த்தை என்னை அசைத்தது. அன்று அந்த அறையில் அமர்ந்திருந்த எனக்கும் அது தெரியாது. அதன்பின் இதை அறிந்தவர்களிடம் கேட்டும் வாசித்தும் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

இந்த வசதி எப்படி நம் வீடுகளுக்கு வந்தது?

டிஷ் ஆன்டெனா மூலம் வீடுகளுக்கு நேரடியாகச் சேனல்களை அனுப்பும் டி.டி.எச். சேவை நம் தேசத்தில் 2003-இல் டிஷ் டிவியோடு தொடங்கிற்று. அரசின் இலவச டி.டி.எச். சேவை 2004 டிசம்பரில் வந்தது. அதுவே இன்று டி.டி. ஃப்ரீ டிஷ் என்று அழைக்கப்படுகிறது. 2006-இல் டாடா ஸ்கை, 2007-இன் இறுதியில் சன் டைரக்ட், 2008-இல் ஏர்டெல், 2009-இல் வீடியோகான் டி2ஹெச் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புனேயில் கேபிள்காரர் கொடுக்கும் ஓரிரு தமிழ்ச் சேனல்களை மட்டுமே நம்பியிருந்த நம் ஜனங்களுக்கு, மொட்டை மாடியில் ஒரு டிஷ் வைத்தால் தாய்மொழி வீட்டுக்குள் வந்துவிடும் என்பது பெரிய ஆறுதலாயிருந்தது.

கேபிள் இணைப்புகளையும் அரசு டிஜிட்டல் முறைக்கு மாற்றியது. 2011-இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் திருத்தப்பட்டது. இரண்டாம் கட்டமாக 38 நகரங்கள் 2013 மார்ச் 31-க்குள் மாறவேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்தப் பட்டியலில் நம் புனேயும் இருந்தது, தமிழ்நாட்டின் கோயம்புத்தூரும் இருந்தது. இவ்வாறு, டிஷ் இல்லாத வீடுகளிலும் செட்-டாப் பாக்ஸ் வைக்கவேண்டியதாயிற்று.

பதிவு செய்யும் வசதி முதலில் விலையுயர்ந்த பெட்டிகளில் மட்டுமே இருந்தது. 2008-இல் வந்த டாடா ஸ்கை பிளஸ் பெட்டியின் உள்ளேயே ஹார்டு டிஸ்க் வைக்கப்பட்டிருந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் டிஷ் டிவியும் வீடியோகான் டி2ஹெச்சும் வேறொரு வழியைக் கையாண்டன. பெட்டிக்குள் டிஸ்க் வைக்காமல் ஒரு யு.எஸ்.பி. துளையை மட்டும் வைத்து, டிஸ்கை வாடிக்கையாளரே கொண்டுவரும்படி விட்டன. பெட்டியின் விலை குறைந்தது. ஷிப்டு வேலைக்குச் செல்லும் பிம்ப்ரி, சாக்கன் பகுதித் தொழிலாளர் குடும்பங்களுக்கு இது ஏற்றதாயிருந்தது. இந்த இரு நிறுவனங்களும் 2018-இல் ஒன்றாக இணைந்தன. டாடா ஸ்கை 2022-இல் டாடா ப்ளே என்று பெயர் மாற்றிக்கொண்டது.

ஆனால் டிஸ்கை நாமே கொண்டுவரும்போது, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டிஸ்கைத்தான் முதலில் எடுக்கிறோம். அதில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பெட்டி கேட்கும் கேள்வி என்ன?

ஹார்டு டிஸ்கை ஒரு பெரிய கிடங்காக எண்ணிக்கொள்ளுங்கள். கிடங்கின் வாசலில் ஒரு பதிவேடு உண்டு. எந்தப் பொருள் எந்த அறையில் இருக்கிறது என்று அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பதிவேட்டை எழுதும் முறை எல்லா இயந்திரங்களுக்கும் ஒன்றல்ல. விண்டோஸ் கம்ப்யூட்டர் பெரும்பாலும் என்.டி.எஃப்.எஸ். என்னும் முறையில் எழுதுகிறது. பழைய பென் டிரைவ்களில் ஃபேட்32 என்னும் முறை இருக்கும். ஃபேட்32 முறையில் ஒரே ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் வளர இயலாது. ஆகவே நீண்ட நிகழ்ச்சிகளைப் பதியவேண்டிய செட்-டாப் பாக்ஸ்கள் பல, தங்களுக்கு ஏற்ற வேறொரு முறையில் பதிவேட்டைப் புதிதாக எழுத விரும்புகின்றன.

புதிதாக எழுதுவதற்குத்தான் ‘பார்மட்’ என்று பெயர். பெட்டி கேட்கும் கேள்வியின் பொருளைத் தமிழில் சொல்வதானால், இந்தக் கிடங்கின் பழைய பதிவேட்டைக் கிழித்தெறிந்துவிட்டு என்னுடைய பதிவேட்டை வைத்துக்கொள்ளட்டுமா என்பதே. ‘ஓகே’ என்று நாம் சொன்னவுடன் பழைய பதிவேடு போகிறது. நமது திருமண வீடியோவும் பிள்ளைகளின் படங்களும் இருந்த அறைகள் யாவும் காலி அறைகளாக எண்ணப்படுகின்றன.

கேள்வியில் எச்சரிப்பு இல்லாமலில்லை. எல்லாத் தகவலும் அழிந்துபோகும் என்ற வார்த்தைகள் ஆங்கிலத்தில் அநேகமாக இருக்கும். ஆனால் தொலைக்காட்சித் திரையில் வரும் எந்தக் கேள்விக்கும் ‘ஓகே’ என்று அழுத்திப் பழகிவிட்ட விரல், வாசிப்பதற்கு முன்னே அழுத்திவிடுகிறது. வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர் பிள்ளைகள் மட்டுமே என்ற நிலையும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு எழுத்து தெரியும். அந்த டிஸ்கில் இருப்பது என்ன என்பது தெரியாது.

இதற்கு நேர் எதிரான கண்ணி ஒன்றும் உண்டு. செட்-டாப் பாக்ஸ் தன் முறையில் எழுதிய டிஸ்கைப் பிறகு விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால், அந்தப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரால் வாசிக்க முடியாமற்போகலாம். அப்போது, பயன்படுத்துவதற்கு முன் இந்த டிஸ்கைப் பார்மட் செய்யவேண்டும் என்று அதுவும் கேட்கும். அங்கே சம்மதித்தால் பதிந்து வைத்த நிகழ்ச்சிகள் யாவும் போய்விடும்.

பதிந்தது நமக்குச் சொந்தமா?

இரண்டாவதாக நாம் அறியவேண்டியது, கட்டணச் சேவையில் பதிந்த நிகழ்ச்சி அந்தப் பெட்டியை விட்டு வெளியே வராது என்பதாகும்.

வானத்திலிருந்து வரும் சேனல்கள் பூட்டப்பட்ட நிலையில் வருகின்றன. சந்தா கட்டியவருடைய பெட்டியில் மட்டுமே அதைத் திறக்கும் சாவி இருக்கிறது. பதிவு செய்யும்போது நிகழ்ச்சி பூட்டோடுதான் டிஸ்கில் போய் அமர்கிறது. ஆகையால் அந்த டிஸ்கை நண்பர் வீட்டுப் பெட்டியில் செருகினாலும், கம்ப்யூட்டரில் செருகினாலும் ஓடாது. பெட்டி பழுதாகி நிறுவனத்தார் வேறு பெட்டி கொடுத்தால், பழைய பெட்டியில் பதிந்தவை புதிய பெட்டியில் பெரும்பாலும் திறவா. சந்தா நின்றுபோனால் பதிந்தவற்றையும் பார்க்க இயலாதபடி சில சேவைகளில் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, “டிஸ்க் என்னுடையது, பணம் நான் கொடுத்தது” என்று நாம் சொன்னாலும், செட்-டாப் பாக்ஸில் செருகிய நாள் முதல் அந்த டிஸ்க் அந்தப் பெட்டியின் ஓர் உறுப்பைப் போலாகிவிடுகிறது. ஒரு பெட்டிக்கு நேர்ந்துவிட்ட டிஸ்கில் நம்முடைய சொந்த நினைவுகளை வைப்பது தகாது.

டி.டி. ஃப்ரீ டிஷ் சேவைக்கென்று கடைகளில் விற்கும் சாதாரணப் பெட்டிகளின் காரியம் வேறு. பூட்டப்படாமல் வரும் இலவசச் சேனல்களை அவை பூட்டின்றிப் பதிகின்றன. அந்த ஃபைலைக் கம்ப்யூட்டரிலும் ஓட்டலாம். பொதிகை என்று நாம் அறிந்திருந்து 2024 ஜனவரி முதல் டி.டி. தமிழ் என்று பெயர் பெற்ற சேனலைப் போன்ற தூர்தர்ஷன் சேனல்களைப் பதிய விரும்புகிறவர்களுக்கு இது உதவும்.

சிலர், “பூட்டை உடைத்துக் கொடுக்கும் கடை இருக்கிறதாமே ஐயா” என்று என்னிடம் கேட்டதுண்டு. பிரியமானவர்களே, அவ்வழியை நாடாதிருங்கள். தன் சொந்த உபயோகத்துக்கென்று நியாயமான அளவில் ஒன்றைப் பயன்படுத்துவதற்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இடமளிக்கிறது. ஒருவர் தம் வீட்டில் பிறகு பார்ப்பதற்காகப் பதிவு செய்வது குற்றமல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1984-இல், சோனி நிறுவனத்தின் வீடியோ ரெக்கார்டர் குறித்த வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் உரிமையை மீறும் எண்ணத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பது, 2012-இல் நம் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றம். பதிந்த நிகழ்ச்சியைப் பிரதியெடுத்து விற்பதும், கூட்டத்தாருக்கு மண்டபத்தில் போட்டுக் காட்டுவதும் வீட்டு உபயோகம் ஆகாது. நம் வாலிபர் கூடுகைகளை நடத்துகிறவர்கள் இதை மனதில் கொள்வது நல்லது.

உங்கள் பிள்ளை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடியிருந்தால், அதை டிஸ்கில் பதிந்துவிட்டோம் என்று நிம்மதியாயிராதிருங்கள். அந்த நிகழ்ச்சியைத் தயாரித்தவர்களிடம் ஒரு பிரதி கேளுங்கள். பெட்டி பழுதாகும் நாளில் அந்தப் பிரதிதான் உங்களிடம் மிஞ்சும்.

எத்தகைய டிஸ்க் வேண்டும்?

முதலாவது, அளவு. ஹெச்.டி. சேனல் ஒன்று விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வருகிறதென்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறக்குறைய 3.6 ஜி.பி. இடம் வேண்டும். சாதாரணச் சேனல் 3 மெகாபிட் என்றால் மணிக்கு 1.4 ஜி.பி. போதும். இந்தக் கணக்கின்படி 500 ஜி.பி. டிஸ்கில் சுமார் 130 மணி நேர ஹெச்.டி. நிகழ்ச்சிகள் அடங்கும். ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட பெரிய டிஸ்குகளைப் பழைய பெட்டிகள் சில அறிந்துகொள்வதேயில்லை. ஆகவே பெரியது வாங்கினால் நல்லது என்று எண்ணிப் பணத்தை வீணாக்கவேண்டாம்.

இரண்டாவது, மின்சாரம். இதுதான் அநேகரைக் குழப்புவது. யு.எஸ்.பி. 2.0 துளை 5 வோல்ட்டில் அதிகபட்சம் 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட் மின்சாரம் கொடுக்கும்படி வகுக்கப்பட்டது. யு.எஸ்.பி. 3.0 துளை 900 மில்லிஆம்பியர் கொடுக்கும். சட்டைப் பையில் அடங்கும் இரண்டரை அங்குல டிஸ்க், சுழலத் தொடங்கும் நேரத்தில் இதைவிட அதிகமாய்க் கேட்கக்கூடும். பெட்டியால் கொடுக்க முடியாதபோது டிஸ்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும், விளக்கு மினுக்கி அணையும், அல்லது பதிவின் நடுவே இணைப்பு அறுந்துபோகும். டிஸ்க் பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம். முதலில் நீளமான மெல்லிய கேபிளை மாற்றிக் குட்டையான நல்ல கேபிளைப் போட்டுப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால், தனியாக அடாப்டர் உள்ள யு.எஸ்.பி. ஹப் ஒன்றின் வழியாக இணைக்கலாம். மூன்றரை அங்குலப் பெரிய டிஸ்குகள் தங்கள் சொந்த 12 வோல்ட் அடாப்டரோடு வருவதால் இந்தத் தொல்லை அவற்றுக்கு இல்லை.

மூன்றாவது, பென் டிரைவ். நேரலையை நிறுத்தி வைத்துப் பிறகு தொடரும் வசதியைப் பயன்படுத்தும்போது பெட்டி இடைவிடாமல் எழுதிக்கொண்டேயிருக்கிறது. மலிவான பென் டிரைவ் இந்த வேலையைத் தாங்காமல் சீக்கிரம் கெட்டுப்போகும். சிலவற்றின் எழுதும் வேகமும் போதாது.

இணைக்கும் முறை

முதலில், உங்கள் பெட்டியின் யு.எஸ்.பி. துளை பதிவுக்கானதுதானா என்று பெட்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். சில பெட்டிகளில் அந்தத் துளை பழுது பார்ப்பவர்களுடைய உபயோகத்துக்கு மட்டுமே. சிலவற்றில் பதிவு வசதியைத் திறக்கத் தனிக் கட்டணம் கட்டவேண்டும். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து கேட்டுவிட்டு டிஸ்க் வாங்குவதே புத்தி.

அடுத்து, பதிவுக்கென்றே ஒரு டிஸ்கை ஒதுக்குங்கள். அதன்மேல் ‘டிவிக்கு மட்டும்’ என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். குடும்பப் படங்கள் உள்ள டிஸ்கின்மேல் ‘பெட்டியில் செருகாதே’ என்று எழுதி, அதை வேறு அறையில், வேறு அலமாரியில் வையுங்கள். இரண்டும் ஒரே கறுப்பு நிறத்தில், ஒரே அளவில் இருப்பதால் பெரியவர்களுக்கே அடையாளம் தெரிவதில்லை. பழைய டிஸ்க் ஒன்றைத்தான் பதிவுக்கு எடுக்கிறீர்கள் என்றால், அதில் இருப்பவற்றை வேறிடத்துக்கு மாற்றி, மாற்றியவை சரியாகத் திறக்கின்றனவா என்று ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்த பிறகே பெட்டியிடம் கொடுங்கள்.

பெட்டியை அணைத்து, டிஸ்கைச் செருகி, மறுபடியும் பெட்டியைப் போடுங்கள். பார்மட் குறித்த கேள்வி வரும்போது ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய் டிஸ்கின்மேல் ஒட்டியிருப்பதை ஒருமுறை வாசியுங்கள். அதற்குப் பிறகு ‘ஓகே’ சொல்லுங்கள். பத்து நிமிடம் பதிந்து, ஓட்டிப் பார்த்து, எல்லாம் ஒழுங்காயிருக்கிறதென்று கண்டபின் நீண்ட நிகழ்ச்சிகளைப் பதியலாம்.

டிஸ்கைப் பெட்டியின் தலைமேல் வைக்கவேண்டாம். பெட்டி சூடாகும், அந்தச் சூடு டிஸ்குக்குக் கேடு. இத்தகைய டிஸ்குகளில் பல நிமிடத்துக்கு 5400 சுற்று சுழல்கின்றன. வாசிக்கும் முனை தட்டின்மேல் தலைமுடியை விட மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. ஓடும்போது ஓர் இடி பட்டாலும் தட்டில் கீறல் விழக்கூடும். மழைக்காலத்தில் மின்சாரம் வந்து வந்து போகும் நாட்களில் பதிவை நிறுத்திவைப்பது நல்லது. எடுக்கும்போது, பதிவு ஓடவில்லை என்று உறுதி செய்து, மெனுவில் டிஸ்கை நீக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பெட்டியின் சுவிட்சை அணைத்து, டிஸ்கின் சுழற்சி நின்ற பிறகு எடுங்கள்.

குடும்பப் படங்களைப் பெரிய திரையில் பார்க்க விரும்பினால் அதற்குச் செட்-டாப் பாக்ஸ் தேவையில்லை. இப்போதுள்ள தொலைக்காட்சிகள் பெரும்பாலானவற்றில் தனி யு.எஸ்.பி. துளை இருக்கிறது. படங்களின் பிரதியை ஒரு பென் டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியில் நேரடியாகச் செருகுங்கள். அங்கேயும் பார்மட் என்ற கேள்வி வந்தால் ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். பிரதி மட்டுமே அதில் இருப்பதால், தவறு நேர்ந்தாலும் இழப்பில்லை.

தவறி அழுத்திவிட்டால்?

உடனே பெட்டியை அணைத்து டிஸ்கை எடுத்துவிடுங்கள். அதன்பின் அதில் ஒன்றும் எழுதாதிருங்கள், இதுவே பிரதானம். முன்னே சொன்ன கிடங்கை மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள். விரைவாகச் செய்யும் பார்மட் பதிவேட்டைத்தான் அழிக்கிறது. அறைகளில் இருந்த பொருள்கள் உடனே அழிவதில்லை. புதிய சரக்கு வந்து அந்த அறையில் இறங்கும்போதுதான் பழையது நசுங்கிப் போகிறது. ஆகவே ஒன்றும் எழுதப்படாத டிஸ்கிலிருந்து பெரும்பகுதியை மீட்டெடுக்கும் சாஃப்ட்வேர்கள் உண்டு. மீட்டவற்றை அதே டிஸ்கில் எழுதாமல் வேறு டிஸ்கில் எழுதவேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் தாங்களே முயலாமல், அறிந்தவர்களிடம் கொடுப்பது நலம்.

அந்தத் தேஹு ரோடு குடும்பத்தார், எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த புதவார் பேட் பக்கம் விசாரித்து, ஒருவரிடம் டிஸ்கைக் கொடுத்தார்கள். ஒரு மாத வாடகைக்கு நிகரான தொகை செலவாயிற்று. புகைப்படங்களில் பெரும்பாலானவை, பெயரும் தேதியும் இழந்து எண்களாகத் திரும்பி வந்தன. திருமண வீடியோவின் முற்பகுதி கிடைத்தது. பாட்டியம்மாளின் வீடியோ திறந்தது. அவர் பேரனைப் பெயர் சொல்லி அழைக்கிறார், பாடத் தொடங்குகிறார், இரண்டாம் அடியில் படம் உறைந்து சத்தம் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில்தான் மூன்று மணி நேரப் பதிவின் ஒரு பகுதி போய் உட்கார்ந்திருந்தது. அந்த நிகழ்ச்சிகளை அந்தச் சகோதரர் கடைசிவரை பார்க்கவேயில்லை.

பதிவு தொடங்குமுன் டிஸ்கை எடுத்திருந்தால் பாட்டல் முழுவதும் கிடைத்திருக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். அதை மகனிடம் சொல்லவேண்டாம் என்று தகப்பனார் என்னிடம் கேட்டுக்கொண்டார். இன்று அந்த மகன் வேலைக்குச் செல்லும் வாலிபன். இதை எழுதுவதற்கு முன் இருவரிடமும் அனுமதி கேட்டேன். “எழுதுங்கள் ஐயா, இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது” என்று சொன்னது மகன்தான். அது அவனுக்கு முன்னமே தெரிந்திருந்தது.

பல பட்டணங்களில் களஞ்சியம்

இப்போது அநேக வீடுகளில் நிகழ்ச்சிகளை இணையத்தின் வழியே விரும்பிய நேரத்தில் பார்க்கிறார்கள். செட்-டாப் பாக்ஸில் பதியும் வழக்கம் குறைந்து வருகிறது. பழைய பெட்டிகளைக் கழற்றும் நாளில், அவற்றோடிருந்த ஹார்டு டிஸ்குகள் வேறு வேலைக்குத் திரும்புகின்றன. அப்போதும் அதே கேள்வி, வேறொரு திரையில் வரும். கேட்பது எந்த இயந்திரமானாலும் பதிலுக்குமுன் செய்யவேண்டியது ஒன்றே. இந்த டிஸ்கில் இருப்பவை வேறெங்காவது இருக்கின்றனவா என்று விசாரித்துக்கொள்ளவேண்டும்.

எகிப்தில் யோசேப்பு ஏழு வருஷத்துத் தானியத்தை ஒரே இடத்தில் குவித்துவைக்கவில்லை என்று ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். அந்தந்தப் பட்டணத்தைச் சுற்றியிருந்த வயல்களின் விளைச்சலை அந்தந்தப் பட்டணத்திலேயே சேர்த்து வைத்தான். நம் வீட்டு நினைவுகளுக்கும் அப்படியே செய்வோம். எந்த ஹார்டு டிஸ்கும் ஒருநாள் நின்றுபோகும். ஒரு பிரதி புனேயில் இருக்கட்டும். இன்னொரு பிரதியை, அடுத்தமுறை ஊருக்கு ரயில் ஏறும்போது கையோடு கொண்டுபோய், அங்கே அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ வைத்துவிட்டு வாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை இரண்டையும் திறந்து பாருங்கள். மிக முக்கியமான முகங்களைக் காகிதத்தில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். அதை எந்தப் பெட்டியும் பார்மட் செய்யாது.

ஊரை விட்டுத் தூரத்தில் வாழும் நமக்கு, ஊரில் உள்ளவர்களின் குரல் ஒரு சிறிய தட்டில்தான் இருக்கிறது. இந்த மாலையே அலமாரியைத் திறந்து, அந்த டிஸ்க் எங்கேயிருக்கிறது என்று பார்த்து, அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். பிள்ளைகளையும் அருகே உட்காரவைத்து, அதில் என்ன இருக்கிறதென்று காட்டுங்கள்.